பத்தாவது புத்தகத்துக்கு ஒரு திருத்தம் வேண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு,

திருச்செங்கோடு பக்கம் சொந்தத் தோட்டத்தில் குடியிருக்கும் தீர்த்தகிரி அவர்களின் சம்சாரம் தெய்வநாயகி பணிவோடு எழுதிக்கொண்டது. தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் அச்சாபீசில் வேலை செய்பவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முதலில் எங்கள் காவல் சாமி கருப்பணாரைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே மழை பரவாயில்லை. மாடு கன்று சுகம், மகன் மருமகள் சுகம், நானும் சுகம். மீதி ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவர் இப்படி ஆனதற்குக் காரணம் தாங்கள் என்பதால் தங்களுக்கே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

தங்கள் மாத இதழில் 'சாவதற்குள் படித்துவிட வேண்டிய பத்துப் புத்தகங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். அந்த இதழை நான் கடையில் வாங்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டரைப் பார்க்கச் சேலம் போயிருந்தோம், அங்கே உட்காரும் இடத்தில் கிடந்தது. இருதய நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கும் இடத்தில் இப்படி ஒரு தலைப்பு கண்ணில் பட்டால் எப்படி இருக்கும் என்று தாங்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். பக்கத்தில் இருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, எழுந்து வேறு நாற்காலிக்கே போய்விட்டார். டாக்டர் இவரிடம், "போர்வெல் வண்டி, டீசலு, ஆளுங்க சண்டை, எதையும் மனசுல போட்டுக்கக் கூடாது. நல்ல புஸ்தகமாப் பாத்துப் படிங்க" என்றார். இவர், "எந்தப் புஸ்தகமுங்க?" என்று கேட்டார். அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். டாக்டர் மாத்திரைக்கு மட்டும் சீட்டு எழுதிக் கொடுத்தார், புத்தகத்துக்கு எழுதவில்லை. வெளியே வந்தால் நாற்காலியில் தங்கள் பட்டியல். டாக்டர் விட்டதைத் தாங்கள் எழுதி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டார். "இத எடுத்துக்கட்டுமுங்களா?" என்று நான் கேட்டுவிட்டுத்தான் பைக்குள் வைத்தேன். கேட்டது அங்கே இருந்த நர்ஸம்மாவின் காதில் விழுந்ததா என்பது எனக்குத் தெரியாது.

இவரைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டும். இவர் போர்வெல் வண்டி வைத்திருந்தவர். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று வண்டியோடு போனால் பொங்கலுக்கும் மாரியம்மன் நோன்புக்கும்தான் ஊர் திரும்புவார். அங்கே யார் யார் தோட்டத்திலோ துளை போட்டுத் தண்ணீர் காட்டுவார், இங்கே நான் தண்ணீர் டேங்கருக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பேன். கல்யாணமானதில் இருந்து இவர் என்னிடம் பேசிய பேச்சை எல்லாம் சேர்த்தால் ஒரு போஸ்ட் கார்டில் எழுதி, கீழே விலாசத்துக்கும் இடம் விடலாம். "சாப்ட்டாச்சா? மாட்டுக்குத் தீவனம் வந்துச்சா? சரி வெச்சர்றேன்." அவ்வளவுதான். புத்தகம் என்று இவர் கையில் நான் பார்த்தது வண்டியின் ஆர்.சி. புக் ஒன்றுதான்.

அப்பேர்ப்பட்ட மனிதர், மருமகள் சௌமியாவிடம் சொல்லிப் பத்துப் புத்தகத்தையும் போனிலேயே ஆர்டர் போட்டு வரவழைத்துவிட்டார். மருந்து என்றால் கோர்ஸ் முடித்தாக வேண்டும் என்பது இவர் கட்சி. கண்ணால் மட்டும் படிக்க இவருக்கு வராது, வாய்விட்டுத்தான் படிப்பார், அதுவும் போர் வண்டி ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். முதல் நாள் நான் அடுப்படியில் இருந்தபடி, என்ன சத்தம் என்று கேட்டேன். இரண்டாம் நாள் கதவோரம் நின்று கேட்டேன். மூன்றாம் நாள் வெங்காயத்தையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு போய் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு ஆனதும் இவர் படிப்பதும் நான் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. இவரைத் தேடி வந்தவர்கள் எல்லாம் காம்பவுண்டுக்கு வெளியே நின்று, உள்ளே ஏதோ சண்டை என்று திரும்பிப் போனார்கள்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழே, இது ஏன் மறக்க முடியாதது என்று தாங்கள் நாலு வரி எழுதியிருந்தீர்கள். 'மொழியின் ஆழ்தளம்' என்று ஒன்றுக்கு, 'இருத்தலின் வெறுமை' என்று இன்னொன்றுக்கு. எனக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. இவர் சொன்னது விளங்கியது. "எந்தப் புஸ்தகமும் மொதல்ல மண்ணுதாம் புள்ள. அது சரிஞ்சு மூடாம கேசிங் பைப்ப எறக்கிக்கிட்டு, பொறுமையாப் போவோணும். அதுக்கப்பறம் பாறை. பாறைலதான் இருக்குது வேலையே. பாறைத்தூளு வெறும் பொகையா வருது, வருது, வருது. நிறுத்திப்போடலாமான்னு இருக்கும். அப்பத்தான் எங்கயோ ஒரு ஈரம் தட்டும்." ஈரம் தட்டினால் நல்ல புத்தகம். கடைசிப் பக்கம் வரை புகையாகவே வந்தால், எழுதியவர் நீரோட்டப் பாயிண்ட் பார்க்காமல் துளை போட்டுவிட்டார் என்று அர்த்தம். ரயிலே நிற்காத ஒரு ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவரின் கதை இருந்ததே, தாங்கள் மூன்றாவதாகப் போட்டது, அதில் பாதிக்கு மேல் புகைதான். சாமி, எழுந்து போய்விடலாம் என்று நான் முறத்தைக்கூட எடுத்துவிட்டேன். கடைசியில் அந்த மனிதர் வேலையை விட்டுப் போகும் நாளில், போகிற ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டுகிறார், டிரைவர் பதிலுக்குக் கை ஆட்டுகிறார். இவ்வளவுதான் நடந்தது. இவர் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம், "நானும் ஒருத்தருக்கும் கை ஆட்டுனதில்ல புள்ள" என்றார். கல்யாணமானதில் இருந்து இவர் மனதில் இருந்ததை எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதனால் அந்த மூன்றாவது புத்தகத்தைச் சிபாரிசு செய்ததற்குத் தங்களுக்கு என் நன்றி. மற்றதுக்கெல்லாம் சேர்த்துத் திட்டுவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாவதில்தான் வம்பு ஆரம்பித்தது. அது எங்கோ பனி கொட்டுகிற தேசத்துக் கதை, மொழிபெயர்ப்பு. அதில் ஒவ்வொரு பெயரும் மணல் லாரி மாதிரி நீளம். இவர் பாதிப் பெயரிலேயே மூச்சு வாங்க, டாக்டர் மூச்சு வாங்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால், எல்லோருக்கும் எங்கள் சொந்தக்காரர் பெயரையே வைத்துவிட்டார். பட்டாளத்துக்காரருக்கு வேலுமணி, பாதிரியாருக்கு மாதேஸ்வரன், தம்பியை ஏமாற்றி வீட்டை எழுதி வாங்கிக்கொள்கிற அக்காளுக்குச் சரிதா. சரிதா என்பது இவருடைய சித்தப்பா மகள். எனக்குக் கதையைக் கேட்கக் கேட்க அந்தச் சரிதா மேல் அப்படி ஒரு ஆத்திரம். சரியாக அந்த வாரம் பார்த்து, நிஜமான சரிதா தட்டில் பழமும் பத்திரிகையுமாகக் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க வந்தாள். நான் வா என்றும் சொல்லவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. "புது ஊட்டுக்குப் பால் காச்சறோம் அண்ணி" என்று அவள் சொன்னதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "யாரு ஊடு அது? பாவம், உன்ற தம்பி எங்க போயிக் கெடக்கறானோ?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்கும் ஒரு தம்பி உண்டு, அவர்களுக்குள் நிஜமாகவே வீட்டுத் தகராறு இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. அவள் தட்டோடு திரும்பிப் போனாள். இவர் சமாதானம் சொல்லப் போய், "அது நீ இல்லம்மா, அது பனிக்காட்டுச் சரிதா" என்று சொன்னாராம். அந்த வீட்டு வாசலை இன்று வரை நாங்கள் மிதிக்கவில்லை.

என் மகன் கௌதமன்தான் இப்போது வண்டியைப் பார்த்துக்கொள்கிறான். ஒருநாள் தர்மபுரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து, "அப்பா, ஆழமாப் போயிருச்சு, இன்னமும் பொகைதான் வருது, தோட்டக்காரர் நிறுத்தச் சொல்றாரு, என்ன பண்ணட்டும்?" என்று போன் போட்டான். இவர் அப்போது ஏழாவது புத்தகத்தில், ஒரே அடுப்பில் மாமியாரும் மருமகளும் தனித்தனியாகச் சமைக்கிற கதையில் இருந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டே கண்ணைப் பக்கத்தில் இருந்து எடுக்காமல், "நிறுத்தாத, நிறுத்தாத, இப்பத்தான் அவ அழுவ ஆரம்பிச்சிருக்கறா" என்றார். அவன் ஒன்றும் புரியாமல் இன்னும் நாலு பைப்பை இறக்கியிருக்கிறான், தண்ணீர் பீய்ச்சி அடித்துவிட்டது. அந்தத் தோட்டக்காரர் இவருக்கு அருள்வாக்கு உண்டு என்று நம்பி, தன் மகள் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார். இதெல்லாம் தங்கள் பத்திரிகையால்தான் தம்பி. (இதழில் தங்கள் போட்டோவைப் பார்த்தேன், என் மகன் வயசுதான் இருக்கும், அதனால் தம்பி என்றே எழுதுகிறேன்.)

இதுவரைக்கும் நடந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை தம்பி. இனிமேல் சொல்வதுதான் வருத்தம். மோகனூரில் குமாரசாமி அண்ணன் என்று ஒருவர். சேலத்து டாக்டரிடம் காத்திருந்தபோது பழக்கமானவர், தங்கள் பட்டியலை எங்கள் இதழில் இருந்து போனில் படம் பிடித்துக்கொண்டு போய் அவரும் படிக்க ஆரம்பித்தார். காலையில் பல் விளக்குகிறார்களோ இல்லையோ, இவரும் அவரும் போனில், நீங்கள் எத்தனையாவது, நான் எத்தனையாவது என்று விசாரித்துக்கொள்வார்கள். அவர் முந்திவிட்டார். "பத்தும் முடிச்சுப்போட்டனுங்க. பத்தாவது இருக்குது பாருங்க, அதுதாம் பத்துலயும் ஒசத்தி. சீக்கிரம் படிச்சுப்போட்டு வாங்க, பேசோணும்" என்றார். அடுத்த வாரம் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயசு எண்பதைத் தாண்டிவிட்டது, உடம்பில் இருந்த சர்க்கரையை ஓர் ஆலைக்கே கொடுத்திருக்கலாம், எல்லாம் சரி. ஆனால் இவர் எழவு வீட்டில் இருந்து வந்ததும், பிரிக்காத பத்தாவது புத்தகத்தை எடுத்து பீரோவில் என் நகைக்குப் பின்னால் வைத்துப் பூட்டினார். நான் என்னவென்று கேட்டதற்கு, "சாவறதுக்குள்ள படிக்கோணும்னுதானே போட்டிருக்கறாங்க. படிக்காம வெச்சிருந்தா?" என்று மட்டும் சொன்னார். அத்தோடு சரி. பழையபடி, சாப்ட்டாச்சா, தீவனம் வந்துச்சா என்று ஆகிவிட்டார். வேறு புத்தகமும் தொடமாட்டேன் என்கிறார். மத்தியானம் ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். நான் வெங்காயத்தை அடுப்படியிலேயே உரித்துக்கொள்கிறேன். வெங்காயம் ஒரு வசதி, எதற்குக் கண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் பக்கம் பெண் எடுப்பதானாலும், கிணறு வெட்டுவதானாலும், சந்தேகம் வந்தால் சாமியிடம் பூக் கேட்போம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் வெளியே தெரியாமல் இலையில் மடித்து நூல் சுற்றிச் சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, சிவப்பு வந்தால் கூடாது. பத்தாவதைப் படிக்கலாமா என்று எங்கள் தோட்டத்துக் கருப்பணாரிடமே கேட்டுவிடலாம் என்றேன். இவரும் உடனே சரி என்றார், எனக்கே ஆச்சரியம். இப்போது நான் சொல்லப்போவதைத் தாங்கள் அச்சில் போட்டுவிடக் கூடாது. சாமியை நான் நம்பாமல் இல்லை. ஆனால் அவருக்கு ஆயிரம் வேலை, ஏதாவது கைப்பிசகாகச் சிவப்பைக் காட்டிவிட்டால் என் மத்தியானம் போனது போனதுதானே? அதனால் நான் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைத்து மடித்தேன். இவர் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பொங்கல் பானையோடு பின்னால் போனேன். சூடம் காட்டி, சௌமியாவை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னோம். பிரித்தாள். சிவப்பு!

நான் என் கையால் மடித்த வெள்ளைப் பூ, கோயிலுக்குப் போவதற்குள் செக்கச்செவேல் என்று ஆகியிருக்கிறது. இன்னொன்றைப் பிரித்துப் பார்க்கலாம் என்றால் என் தில்லுமுல்லு சந்திக்கு வந்துவிடும். இவரும், "அதெதுக்கு? சாமி சொன்னாச் சொன்னதுதான்" என்று அதை எடுத்துக் கிணற்றில் வீசிவிட்டார். அது வரைக்கும் இவருடைய பயத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. கருப்பணாரே பூவின் நிறத்தை மாற்றிச் சொல்கிறார் என்றால், அந்தப் புத்தகத்தை முடித்தால் இவருக்கு என்னவோ ஆகப்போகிறது என்றுதானே அர்த்தம்? யாரிடம் போய் இதைக் கேட்பேன்? கேட்டால் இரண்டும் வெள்ளை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இவர் பழையபடி எனக்குப் படித்துக் காட்ட வேண்டும், படித்துவிட்டு உயிரோடும் இருக்க வேண்டும். அதற்கு வழி தங்கள் கையில்தான் இருக்கிறது. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். 'பட்டியலில் பத்தாவதாக வந்தது அச்சுப் பிழை, அது பத்தில் சேராது, அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டால் போதும். அதற்குப் பதிலாக வேறு ஒன்றைப் போட வேண்டும் என்றால், பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கிற புத்தகமாகப் பார்த்துப் போடுங்கள், எழுதுகிறவர் சின்ன வயசாக இருந்தால் இன்னும் நல்லது. தலைப்பையும் மாற்றி, 'உடம்பு நன்றாக இருக்கும்போது படிக்க வேண்டியவை' என்று வையுங்கள். தங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

தங்கள் பத்திரிகை நூறாயிரம் வீட்டுக்குப் போக வேண்டும், ஆஸ்பத்திரி வரவேற்பறைக்கு மட்டும் போகக் கூடாது. தங்கள் பிள்ளை குட்டிகளுக்கு நோய் நொடி அண்டாமல் கருப்பணார் காவல் இருப்பார். பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
தெய்வநாயகி தீர்த்தகிரி

பி.கு.: மேற்படியாளின் வீட்டுக்காரர் தீர்த்தகிரி எழுதுவது. மூன்று நாளாக இதை எழுதி எழுதி அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். இப்போதெல்லாம் எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் என்னால் படிக்காமல் விட முடிவதில்லை, அதுவும் தங்களால் வந்த வியாதிதான். ஐயா, பூவின் நிறத்தைக் கருப்பணார் மாற்றவில்லை. போகிற வழியில், மோட்டார் ரூமில் மடித்து வைத்திருந்த என் பொட்டலங்களைத் தட்டில் வைத்துவிட்டு அவளுடையதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். நான் வைத்தது இரண்டும் சிவப்பு. அவள் வைத்தது இரண்டும் வெள்ளை என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கே தெரியும். பத்தாவது புத்தகத்தை நான் படிக்கவில்லை என்று எழுதியிருப்பதும் தப்பு. இப்போது பீரோவில் இருப்பது மேலட்டைதான், உள்ளே இருப்பது பழைய டைரி. குமாரசாமி அண்ணன் அவ்வளவு சொன்ன பிறகு படிக்காமல் இருந்தால் அவருக்கு மரியாதையா? மோட்டார் ரூமில் உட்கார்ந்து படித்து முடித்தேன், வந்தது வரட்டும் என்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வயசான புருசனும் பெண்டாட்டியும் ஒரு வாடகை வீட்டைக் காலி பண்ணிச் சாமான் கட்டுகிறார்கள், அவ்வளவுதான் கதை. முதல் பக்கத்திலேயே தண்ணீர். எனக்கு உயிர்ப் பயம் என்று நாயகி நினைக்கிறாள். எனக்கு என்ன பயம்? ஒன்பதையும் அவளும்தான் உட்கார்ந்து கேட்டாள். படிக்கிறவனுக்கு ஒரு கணக்கு என்றால் கேட்கிறவளுக்கும் அதே கணக்குத்தானே? பத்தாவதாக அதையோ வேறு எதையோ நான் படித்துக் காட்டிவிட்டால் அவளுக்கும் பத்து முடிந்துவிடுமே. எனக்கு ஒன்றும் ஆகாததால் அவளுக்கும் ஆகாது என்று அறிவு சொல்கிறது. ஆனால் ஒரு தோட்டத்தில் தண்ணீர் வந்தால் பக்கத்துத் தோட்டத்திலும் வரும் என்று எந்தப் போர்வெல்காரனும் எழுதிக் கொடுக்க மாட்டான். ஆகவே திருத்தம் வேண்டாம். அவளுக்கு மட்டும் தனியாக ஒரு பட்டியல் போடவும். நீளமாகப் போடவும்.

மறுபடியும் தெய்வநாயகி: கவரை ஒட்ட எடுத்தபோது இதைப் பார்த்தேன். கருப்பணாரிடம் இரண்டு பேருக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எனக்கு அந்தக் கதையைக் கேட்க வேண்டும், ஆவது ஆகட்டும் என்று முறத்தோடு எதிரில் போய் உட்கார்ந்துவிட்டேன். "வேண்டாம் புள்ள" என்றார். "படிங்க" என்றேன். படிக்க ஆரம்பித்து நாலு நாள் ஆகிவிட்டது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் தாண்டவே மாட்டேன் என்கிறார். புத்தகம் நானூறு பக்கம் இருக்கிறது. அதற்குள் தங்கள் அடுத்த பட்டியல் வந்தால் போதும், அவசரம் ஒன்றும் இல்லை.